ரீகன் அனுப்பும் அளவு

பிளாரன்ஸ் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அளவுக் கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மணி பதினொன்று இருபது. காலை ஆறு மணிக்கு எடுத்திருக்க வேண்டிய அளவு.

நான் பத்தரைக்கே வந்து பழைய படகுத்துறையின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். ரீகனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அப்படி ஒரு கோபம். வந்து நின்றதோ அவன் மனைவி.

கடல் மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் ஆராய்வது என் வேலை. தூத்துக்குடித் துறைமுகத்தில் அதற்கு மெஷின் இருக்கிறது. மெஷின் இல்லாத இந்தப் பக்கம் ஒரு கம்பத்தை நட்டு, ரீகனிடம் ஒப்படைத்திருந்தேன். சங்கு குளிக்கப் போகிறவன். படகேறும் முன் தினமும் ஆறு மணிக்குத் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு எண்ணை அனுப்ப வேண்டும். ஐந்து வருஷத்தில் தவறிய நாள் அபூர்வம்.

எட்டு மாதத்துக்கு முன் இந்தக் கம்பத்தில் கடல் சட்டென்று இறங்கியது. இருபது சென்டிமீட்டர்.

துறைமுகத்து மெஷினில் அப்படி எதுவும் இல்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன். காற்று மாறிவிட்டது, நீரோட்டம் மாறிவிட்டது என்று கட்டுரையே எழுதி அனுப்பிவிட்டேன். படித்த புத்தி, வேறென்ன.

போன வாரம் அந்தக் கட்டுரையைப் பரிசீலித்தவர், ஒவ்வொரு அளவும் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டார். இங்கே சிக்னல் கிடைத்தால் கிடைத்ததுதான். அதனால் செய்தி எப்போது வருகிறது என்று நான் பார்ப்பதே இல்லை. இப்போது உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாள் ஒன்பதரை. மறுநாள் பத்தேகால். அதற்கு மறுநாள் பதினொன்றை ஒட்டி.

கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பக்கத்தில் வைத்ததும் விளங்கிவிட்டது. எட்டு மாதமாக, பகலில் கடல் எப்போது அடிமட்டத்துக்கு வற்றுகிறதோ அந்த நேரமாகப் பார்த்துத்தான் அளவு எடுத்திருக்கிறான். கடல் இறங்கவே இல்லை.

என் எட்டு மாதம் போயிற்று. கட்டுரையும் போயிற்று. அடுத்தது மானம்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினேன். அவன் எங்கே, உன்னை எதற்கு அனுப்புகிறான், வெயிலேறுகிற வரைக்கும் தூங்கினால் கடல் இவனுக்காகக் காத்திருக்குமா என்று படபடவென்று பொரிந்தேன்.

பிளாரன்ஸ் கம்பத்தைக்கூடப் பார்க்கவில்லை. வற்றிய தண்ணீரில் தலை காட்டிக்கொண்டிருந்த பாறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஏதோ நீலமாகக் கிடந்தது. ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தாள்.

கிழிந்த வலைத்துண்டு. அதைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அவுக சங்கு குளிக்கையில காத்துக் குழா அந்துபோச்சு மேடம். எட்டு மாசம் ஆவுது. பத்து நாளு தேடுனாவ, ஆளு கெடைக்கல. தண்ணி வத்துனாத்தான் இந்தப் பாறை இடுக்கெல்லாம் தெரியும். அதான் அந்நேரமாப் பாத்து வாரேன். வந்த கையோட உங்க கம்பத்தையும் பாத்துருவேன்."

அந்த எட்டு மாதத்தில் அவன் போனுக்கு நான் என்னவெல்லாம் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடலுக்கும் லீவா என்று ஒரு தடவை. இவ்வளவு கேட்கிறேனே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று இன்னொரு தடவை. அன்றன்றைய எண்ணைத் தவிர எதற்கும் பதில் வந்ததில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

பிளாரன்ஸ் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"கோயில்ல அவுக ஆத்துமாவுக்குப் பூசையும் வச்சாச்சு. எங்க வீட்டுல, அவுக வீட்டுல, எல்லாரும் இல்லாத ஆளாத்தான் பேசுதாவ. நீங்க ஒரு ஆளுதான் மேடம் இன்னும் அவுகள ஏசிக்கிட்டு இருக்கீய."

சொல்லிவிட்டுக் குனிந்து கம்பத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை எடுத்து, ஒரு விரலால் தட்டினாள்.

என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ரீகன் என்று பெயர் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் அவன் படம், கடலுக்குள் இறங்கும்போது மாட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிக்கிறான். கீழே 31.

அளவை அனுப்பிய பிறகும் அவள் கரையேறவில்லை. ஐந்தடி தள்ளி, போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். எட்டு மாத அளவையும் அழிக்க வேண்டும். நாளையிலிருந்து ஆறு மணிக்கு வர வேறு ஆளைப் பார்க்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை.

'ஏலே ரீகன், ஆறு மணின்னா ஆறு மணிலே. நாளைக்காவது நேரத்துக்கு வந்து சேரு' என்று தட்டி அனுப்பினேன்.