அப்பாவின் 'சரி'

மணமுறிவு ஒப்பந்தத்துக்கு அம்மா தூத்துக்குடியிலிருந்து தன் மென்பொருளில் கருத்து எழுதினாள். அப்பா நிலாச் சுரங்கத்திலிருந்து, கம்பெனி கொடுத்த ஏதோ பழைய மென்பொருளில் எழுதினார். இரண்டையும் ஒன்றாக்கிச் சுத்தப் பிரதி தந்தது வக்கீலின் இயந்திரம்.

'ஜெசிந்தா இனி அம்மாவோடு மட்டும் இருப்பாள்' என்ற வரிக்குப் பக்கத்தில் அப்பாவின் பதில் ஒரே சொல்லாக இருந்தது: சரி.

அதைப் படித்ததும் பதினைந்து வயது ஜெசிந்தா அழுதுவிட்டாள். நாளைக் காலையில் கையெழுத்து. அப்பாவுக்கு அவள் வேண்டவே வேண்டாமா?

"ஒங்கப்பாவே ஒத்துக்கிட்டாவல்லா. பொறவு எதுக்குட்டி அழுவுத?" என்றாள் அம்மா.

அப்பா பேசுகிற விதம் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பாசமாகக் கேட்டால், "சரி, சாப்ட்டியா?" திட்டினால், "சரி, அறிவிருக்கா ஒனக்கு?" உடனே அப்பா அனுப்பிய மூலக் கோப்பைத் திறந்தாள்.

'சரி, அப்பம் எம் புள்ளைய நான் எப்பம் பாக்கது?'

முதல் சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இயந்திரம் கழித்துவிட்டிருந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் போனில் அப்பாவை அழைத்து அவளிடம் நீட்டினாள்.

"சரி, சொல்லு," என்றது அப்பாவின் குரல்.

"அப்பா, நாளைக்கு வக்கீல் கேட்டா சரின்னு மட்டும் ஆரம்பிக்காதிய."

நிலாவிலிருந்து பதில் வரச் சில நொடி ஆனது.

"சரி," என்றார் அப்பா.

அதோடு நிறுத்துகிறவர் இல்லை அவர். மிச்சமும் வந்து சேரட்டும் என்று ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.