சிவப்புக் குடைகள்

கடலோரத்தில் கூரையில்லாத அந்தச் சின்ன ரயில் நிலையத்தைத்தான் அந்த ஜப்பானிய அனிமேப் படத்தில் வரைந்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் நாயகி, வராமல் போன காதலனுக்காகத் தன் சிவப்புக் குடையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவாள். இடத்தைப் பார்க்க வருகிறவர்களும் ஆளுக்கொன்று வைத்து வைத்து, பெஞ்சில் இப்போது உட்கார இடமில்லை. ஜெசிந்தாவும் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த குடையை வைத்துவிட்டுத் திரும்பினாள். மழை பிடித்துக்கொண்டது. வந்திருந்த அத்தனை பேரும் நனைந்துகொண்டே நின்றார்கள். ஒரு கையும் பெஞ்சுப் பக்கம் நீளவில்லை.

"ஒண்ணை எடுத்து விரிச்சா என்னக்கா? இத்தனை கெடக்கே," என்றாள் கூட வந்திருந்த தங்கை.

"அவன் எதை எடுப்பான்னு தெரியாதுல்லா," என்றாள் ஜெசிந்தா, ரயில் வரும் திசையைப் பார்த்தபடி.

எந்த அவன் என்று தங்கை கேட்கவில்லை. தன் துப்பட்டாவை அக்காவின் தலைமேல் இழுத்துப் போட்டாள்.