ரெண்டாவது சாவி

போனில் ஆறு இலக்கம் வந்து விழுந்தது.

பின்னாலேயே அவன் கூப்பிட்டான்.

கத்தியிருந்தாலும் பரவாயில்லை. குழைந்தான். போன ஆடியில் வீட்டைவிட்டுப் போன புருஷன், இத்தனை நாளில் செத்தாயா பிழைத்தாயா என்று ஒரு வார்த்தை கேட்காதவன், இன்றைக்கு "அம்மு" என்றான்.

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"ஒரு ஓடிபி வந்திருக்கும் பாரு. அதைச் சொல்லும்மா. காரை வித்தாச்சு. பேர் மாத்தணும்."

வித்தாச்சாம். என்ன நெஞ்சழுத்தம்.

கார் அவள் பேரில் இருந்தது. மோகனசுந்தரம் என்ற பேருக்கு ஊரில் எந்த பேங்கும் கடன் தராது. அதனால் அவள் பேரில் வாங்கி, அவளுடைய லேப் சம்பளத்தில் தவணை கட்டி, அவன் ஓட்டினான். அவள் அதே ரோட்டில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போனாள்.

ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டால் சிரிப்பான். நீ தொட்டால் கியர் பாக்ஸ் போய்விடும் என்பான்.

போகும்போது காரோடுதான் போனான். இன்வெர்ட்டர் பேட்டரியையும் கழற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு போனான், மகராசன்.

எங்கே நிறுத்தி வைத்திருக்கிறான் என்று தெரியாமல் அவள் தேடி அலுத்திருந்தாள்.

ரெண்டாவது சாவி மட்டும் அவனுக்கு அகப்படவில்லை. அது பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருந்தது. சாமி இருக்கிற பக்கம் அவன் எப்போது திரும்பியிருக்கிறான்?

இப்போது அதற்கும் அடிபோட்டான். வாங்குகிறவர் ரெண்டு சாவியும் கேட்கிறாராம். அவளே எடுத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீசுக்கு வந்துவிட்டால், ஓடிபியையும் அங்கே வைத்தே போட்டுக்கொள்ளலாமாம்.

"வர்றேன்" என்றாள்.

"அதானே. நீ தங்கமாச்சே" என்றான்.

தூ.

பஸ்ஸில் சாவியைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். இறங்கும்போது உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது.

ஆபீஸ் வளாகத்தில் கார் நின்றது. பளபளவென்று கழுவி வைத்திருந்தான். அவளோடு இருந்தவரை ஒரு துணி எடுத்துத் துடைத்ததில்லை.

வாங்க வந்தவர் இரும்புக்கடை வைத்திருக்கும் திரவியம் அண்ணாச்சி. அவருடைய சம்சாரம் கற்பூரத் தட்டோடு நின்றாள். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். பேர் மாறுகிறவரை அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து முடித்திருந்தாள்.

பாவம், நல்ல மனுஷர்கள்.

மோகனசுந்தரம் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். பத்தடி தூரத்துக்கு சென்ட் வாசனை. அவளைக் காட்டி அண்ணாச்சியிடம், "நம்ம வீட்ல" என்றான்.

எந்த வீட்டில்?

அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். இதற்காகவா அத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தோம் என்றிருந்தது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவன் சாவிக்குக் கையை நீட்டினான், கோயிலில் சுண்டலுக்கு நீட்டுகிற மாதிரி.

அவள் அவனைத் தாண்டி அண்ணாச்சியிடம் போனாள்.

"அண்ணாச்சி, இது என் வண்டி. நான் விக்கலை. அட்வான்ஸ் யார்கிட்ட குடுத்தீங்களோ அவர்கிட்டயே வாங்கிக்கோங்க."

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "வண்டி உங்க பேர்லன்னு தெரியும்மா. நீங்க சம்மதிச்சாச்சுன்னுல்லா இவரு சொன்னாரு?"

கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். டாஷ்போர்டில் அவள் ஒட்டிவைத்த பிள்ளையாரைக் காணவில்லை. பசைக்கறை மட்டும் இருந்தது.

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டாள்.

அவன் சிரித்தான். அண்ணாச்சியைப் பார்த்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "இவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது சார்."

அவன் போனபிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்ததும், விடிகாலையில் வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும், இதே ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியதும் அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை நல்லா இருக்கியா என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

மறுபடி போட்டாள். கிளட்சை மெதுவாக விட்டாள்.

எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றுபோனது.

கண்ணாடியில் பார்த்தாள். அண்ணாச்சி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். கூலிங் கிளாஸ் மண்ணில் கிடந்தது.

கேட்டைத் தாண்டப் போகும்போது, அண்ணாச்சி சம்சாரம் தட்டோடு குறுக்கே ஓடிவந்தாள். இவள் பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள்.

அந்தம்மா கற்பூரத்தை ஏற்றி வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு ஜன்னல் பக்கம் வந்து, உள்ளே இருந்தவளுக்கும் சுற்றினாள்.

"பத்தரை ஆகப்போவுது தாயி. நிக்காதீக, போங்க."