மாலையில் மாட்டிய மீன்

மஞ்சள் வெயிலில் ஆற்றிலிருந்து சிறு பூச்சிகள் புதுச் சிறகோடு கூட்டம் கூட்டமாக எழுகின்றன. அவற்றைக் கவ்வ டிரவுட் மீன்கள் துள்ளுகின்றன. முழங்கால் தண்ணீரில் நிற்கும் தச்சர், தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை நீருக்கடியில் ஓடவிடுகிறார். ஒரு வாரமாக, நோயில் படுத்திருக்கும் அவர் மனைவிக்குத் தொண்டையில் இறங்குவது இந்த மீன் சாறு மட்டும்தான். மகள் செருப்பில்லாமல் கரைக்கு ஓடி வருகிறாள்.

“அப்பா, வீட்டுக்கு வாங்க. அம்மா போயிட்டாங்க.”

அவர் திரும்பவில்லை. அவர் காலரில் பூச்சிகள் வந்து உட்காருகின்றன. திடீரென்று தூண்டில் நூல் இறுகுகிறது, கழி வளைகிறது.

“அப்பா, மீன் மாட்டியிருக்கு.”

“தெரியுதும்மா. பிடிச்சு யாருக்குக் கொடுக்க?”

கழியில் நூல் சுற்றிய ரீல் கரகரவென்று சுழல்கிறது. நூல் முழுவதும் போகும்வரை அவர் அதில் கைவைக்கவே இல்லை.