கண்ணைக் கட்டி ஒரு வாய்

நாலு வயது ஜஹனாராவின் கைகளை அவள் அத்தா சுலைமான் பிடித்துக்கொள்ள, சைனம்பு அவள் கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, பெற்றவளா இவள் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழுவாதடி கண்ணு, வெளையாட்டுதான். அக்கா கட்டிக்கினா, அத்தாவும் கட்டிக்கப் போறாரு."

சைனம்புவுக்கு அது விளையாட்டாக இல்லை. நாலு நாளைக்கு முன்னால், பொழுது சாய்ந்த நேரத்தில் குழந்தை தண்ணீர்க் குடத்தில் நேராகப் போய் மோதி விழுந்தது. டாக்டர் இமையை விலக்கிப் பார்த்து, மாலைக்கண் என்றார். இப்படியே விட்டால் பகலிலும் பார்வை போய்விடும், போனால் திரும்பாது என்றார். கீரை, பப்பாளி, முட்டையின் மஞ்சள் என்று வரிசையாகச் சொல்லி, சுறா மீனெண்ணெய் ஒரு சின்ன சீசா கொடுத்தனுப்பினார். அடுத்த சீசா அடுத்த மாதம்தான்.

ஜஹனாராவோ உப்புப் போட்ட கஞ்சியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவள். மழை பொய்த்து மூன்றாவது வருஷம். கடப்பாக்கத்தில் பல வீடுகளில் ரேஷன் அரிசிக் கஞ்சிதான் மூன்று வேளையும். அதையே குடித்து வளர்ந்த நாக்கு வேறு ருசி பட்டாலே குமட்டியது.

கீரையைத் துப்பினாள். எண்ணெயை வாந்தியெடுத்தாள். மூக்கைப் பிடித்து ஊற்றியும் பார்த்தார்கள். ஒருநாள் சைனம்பு பொறுக்காமல் அறைந்துவிட்டாள். அறைந்த கையாலேயே அணைத்துக்கொண்டு அழுதாள். தொழுகைப் பாயில் உட்கார்ந்து, என் கண்ணை எடுத்துக்கொண்டு என் பிள்ளைக்குக் கொடு என்று மன்றாடினாள்.

இந்த ருசிப் போட்டி சுலைமானின் யோசனை. அவன் தையற்காரன், கண்ணைக் கட்ட வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சைனம்பு எதையாவது நாக்கில் வைப்பாள். இன்னதென்று முதலில் சொல்பவர் கெலித்தவர்.

அவன் கடை கட்டிவிட்டு வந்ததும் அந்தியில் ஆட்டம் நடக்கும். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது, நன்றாக இருட்டிய பிறகுதான் விளக்கு. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு விளக்கு எதற்கு?

முதல் நாள் ஜஹனாரா வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் அப்படியே. ஏழு வயதுப் பெரியவள் பதருன்னிசாதான் தினமும் கெலித்தாள். அவளுக்கும் சுலைமானுக்கும் ஒரு கிள்ளு, இல்லையென்றால் நாக்கு நுனியில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். மருந்தாயிற்றே, மீதியெல்லாம் சின்னவளுக்கு என்று சைனம்பு பத்திரப்படுத்தினாள்.

பெரியவள் எதற்கும் முகம் சுளித்ததில்லை, இன்னும் கொடு என்று கேட்டதுமில்லை. சுலைமான் கட்டுக்கு அடியில் திருட்டுத்தனமாகப் பார்ப்பான். பதருன்னிசாவுக்கு ஒருநாள் கட்டு நழுவி மூக்குக்கே வந்துவிட்டது. அப்போதும் எதிரில் இருந்த கிண்ணத்தைத் துழாவித்தான் எடுத்தாள். இந்த வயதில் இத்தனை நாணயமா என்று சைனம்பு உருகிப்போனாள்.

சுலைமான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னான். பப்பாளியைப் பூசணி என்றான், முருங்கைக்கீரையைப் புளியந்தளிர் என்றான். ஐந்தாம் நாள், அத்தா தோற்றுக்கொண்டே இருப்பது பொறுக்காமல் ஜஹனாரா வாயைத் திறந்தாள்.

"அது பூசணி இல்ல அத்தா. எனுக்குக் குடு, நான் சொல்றேன்."

அன்று பப்பாளி ஒரு துண்டு. மறுநாள் கீரை அரைக் கரண்டி. பத்தாம் நாள் மீனெண்ணெய் குமட்டாமல் உள்ளே போனது. சைனம்பு ஒவ்வொரு அந்தியிலும் குழந்தை நடப்பதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஜஹனாரா இன்னும் தடுமாறினாள், சீசாவோ காலியாகிக்கொண்டே வந்தது.

சீசாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வழித்துக் கொடுத்த அன்று, கட்டை அவிழ்த்த சுலைமான் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியைக் காணாமல் தடவினான். வெளியே வானம் கறுத்துவிட்டது. உள்ளே ஆளுக்கு ஆள் நிழல்தான் தெரிந்தது.

ஜஹனாரா தன் கட்டை இழுத்துப் போட்டாள். பாயோரம் குனிந்தாள்.

"தோ கீது அத்தா" என்று ஊசியை எடுத்து நீட்டினாள்.

சுலைமான் ஊசியோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சைனம்பு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, மண்ணெண்ணெய் தீர்ந்தால் தீரட்டும் என்று லாந்தரை ஏற்றித் திரியை நன்றாகத் தூக்கிவிட்டாள்.

பதருன்னிசா மட்டும் தன் முறைக்காகக் கண் கட்டோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாளும் முரண்டு பிடிக்காத பிள்ளை, நாளைக்கு இவளுக்கும் முழு முட்டையாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று எண்ணியபடியே சைனம்பு அவள் கட்டை அவிழ்த்தாள். லாந்தரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தங்கச்சிக்குக் கண் தெரிந்துவிட்டது என்று சொன்னாள்.

பதருன்னிசா குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"இன்னும் வெளக்கு ஏத்தலயாம்மா?"