ஏறாதே, ஸ்டெலியோ!

“சிஸ்டர், முதல்ல அந்தப் பம்பை நிறுத்துங்க!”

படியேறி வந்த மூச்சு நர்ஸ் இக்ராமுக்கு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் நோயாளியின் மகள் நெர்மீன் வாசலிலேயே வழிமறித்துவிட்டாள்.

“ஏன், அம்மாவுக்கு மறுபடியும் வலி வந்துடுச்சா?”

“வலி இல்லை, மானம்தான் போகுது. உள்ளே வந்து நீங்களே கேளுங்க.”

அலெக்ஸாண்டிரியாவில் ட்ராம் பாதையை ஒட்டிய பழைய வீடு அது. ஜன்னலோரக் கட்டிலில் சனிய்யா கண்மூடிப் படுத்திருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை, அதற்குள் வலிமருந்து ஏற்றும் உள்ளங்கையகலப் பம்பு. அதிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய், அவள் மேல்கையில் தோலுக்கடியில் செருகியிருந்த ஊசியில் போய் முடிந்தது. கால்மாட்டில் கணவர் ஷுக்ரி உட்கார்ந்திருந்தார். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இக்ராம் வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“ஏறாதே, ஸ்டெலியோ!” என்று முனகினாள் சனிய்யா. “ஏணியை எடுக்கப் போறாங்க. ஏறாதே!”

நெர்மீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கேட்டீங்களா? காலையிலேர்ந்து இதே பாட்டுத்தான். ஸ்டெலியோ, ஸ்டெலியோ! எவனோ கிரேக்கப் பையன். கல்யாணத்துக்கு முன்னாடி என்ன கூத்தோ! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் எதிர்லேயே உட்கார்ந்திருக்காரு, பாருங்க.”

இக்ராம் ஊசி இருந்த இடத்தை மெல்லத் தடவிப் பார்த்தாள். சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. சனிய்யாவின் நெற்றியும் சுருங்காமல் தெளிவாக இருந்தது.

“நோய் முத்தும்போது பழைய ஞாபகமெல்லாம் இப்படி மேலே வரும், மேடம். மருந்தாலேயும் இருக்கலாம். டாக்டர்கிட்டே பேசி அளவை மாத்திப் பார்க்கலாம். ஆனா ஒரேயடியா நிறுத்தினா வலி திரும்பிடும். போன வாரம் எப்படித் துடிச்சாங்கன்னு மறந்துட்டீங்களா? மாத்திரை வயித்துல தங்கலை. ஊசி போட்டா கொஞ்ச நேரத்துக்குத்தான். இது நாள் பூரா ஒரே சீரா உள்ளே போறதாலதான் நிம்மதியா படுத்திருக்காங்க.”

“சாயங்காலம் என் மாமியார் வீட்டு ஜனம் பார்க்க வருது, சிஸ்டர். அவங்க எதிர்ல அம்மா இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்? அவங்க போற வரைக்கும் நிறுத்துங்க, போதும். நீங்க நிறுத்தலைன்னா நானே நிறுத்தறேன்.”

அவள் கை துணிப்பையை நோக்கிப் போனது.

“கையை எடு” என்றார் ஷுக்ரி.

“உங்களுக்காகத்தானே பாபா சொல்றேன்! சொந்தம்னு சொல்லிக்க ஒரு ஆள் கிடையாது உங்களுக்கு. அம்மாவே உலகம்னு இருந்தீங்க. அவங்க மனசுல என்னடான்னா...”

“ஸ்டெலியோவை எனக்குத் தெரியும்.”

நெர்மீனின் கை அப்படியே நின்றது.

“துறைமுகத்துப் பக்கம் மளிகைக் கடை வெச்சிருந்தாங்க, அந்த வீட்டுப் பையன்” என்றார் அவர், மனைவியின் பாதத்தைப் போர்வையால் மூடியபடி. “உங்கம்மா கொஞ்சம் சீஸ் வாங்க வருவா. அதை வாங்கிக்கிட்டுப் போக அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆலிவ் உப்பா இருக்கு, சீஸ் புளிக்குதுன்னு ஒவ்வொண்ணா ருசி பார்த்துக் குறை சொல்லுவா. கடைக்காரர் தலையில கையை வெச்சுக்குவாரு.”

சுருக்கம் விழுந்த அந்த முகத்தில் சிரிப்பு பரவுவதை இக்ராம் பார்த்தாள். இந்த வீட்டில் அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

“ஒரு தடவை அவளை டான்ஸ் ஆடக் கூட்டிப் போனான். அவனுக்கு ஆடவே தெரியாது. காலை மிதிச்சதுல அவளோட புதுச் செருப்பு வார் அறுந்துபோச்சு. கடலோரமா வெறுங்காலோட நடந்து வந்தா. வழி பூரா திட்டு. மாடு, கழுதை, எதையும் விடலை.”

“இதையெல்லாம் வேற அம்மா உங்ககிட்டே சொல்லியிருக்காங்களா?”

“எத்தனையோ தடவை பேசிச் சிரிச்சிருக்கோம். அப்புறம் கிரேக்க ஜனமெல்லாம் ஊரை விட்டுக் கிளம்பற காலம் வந்துது. அவன் வீட்லேயும் கடையை வித்துட்டாங்க. பெட்டி படுக்கையெல்லாம் கப்பல்ல ஏத்தியாச்சு. உங்கம்மா கூட்டத்தை முட்டித் தள்ளிக்கிட்டு கப்பல் ஏணி வரைக்கும் வந்து இப்படித்தான் கத்தினா.”

“உங்களுக்குக் கோபமே வரலையா, பாபா?”

“போன வாரம் வலியில இவளுக்கு யாரையுமே அடையாளம் தெரியலை. இன்னைக்குத் துறைமுகத்துல போய் நிக்கறா. நல்ல வெயில், நல்ல காத்து. அங்கேயே இருக்கட்டும்மா.” அவர் இக்ராம் பக்கம் திரும்பினார். “நீங்க தீர்ந்த மருந்தை மாத்திப் போடுங்க, சிஸ்டர்.”

இக்ராம் காலியான மருந்துக்குழலைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினாள். பம்பு மெல்ல முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. நெர்மீன் தடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெறித்துக்கொண்டு நின்றாள்.

சனிய்யா கண்ணைத் திறந்தாள். ஷுக்ரியை உற்றுப் பார்த்தாள்.

“ஸ்டெலியோ, வந்துட்டியா? உங்கம்மா கப்பல்ல நின்னு அழுவாங்களே?”

ஷுக்ரி குனிந்து அவள் கையைத் தன் இரு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

“அழுதாங்க, சனிய்யா. ஆனா நான் ஏறலை.”

நெர்மீன் ஜன்னலிலிருந்து திரும்பினாள். “போதும் பாபா! அம்மாவைச் சமாதானப்படுத்த நீங்க அவன் மாதிரி நடிக்கக்கூட வேணுமா?”

அவர் மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“நடிக்கலைம்மா. ஸ்டெலியோங்கறது எங்கம்மா எனக்கு வெச்ச பேரு. ஷுக்ரிங்கறது உங்கம்மா வெச்சது.”