பின்வீட்டு நெல்லி மரம்

பின்வீட்டுக் கனகம்மா அக்கா ஐந்தாவது வாளி நெல்லிக்காய் அனுப்பிவிட்டார். வாளியை வெறுமனே திருப்பித் தர முடியுமா? ஜாம், தேன்நெல்லி, ஊறுகாய் என்று போட்டுக் கொடுத்துப் பார்த்த ஷாமளா, கடைசியில் வைனே போட்டுவிட்டாள்.

"அலமாக்! குளிக்கிற தொட்டியிலயுமா நெல்லிக்காய்?" என்று அலறினான் புருஷன் தீபன். "போய் அந்த மரத்த வெட்டச் சொல்லு லா!"

வைன் போத்தலும் கையுமாகக் கனகம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள் ஷாமளா. "அக்கா, உங்க நெல்லி மரத்தக் கொஞ்சம் வெட்டிடலாமா?"

"மரமா? எங்க வீட்டுல ஏது மரம்? தீபாவளிக்கு நீங்க முறுக்கு டின் குடுத்தீங்க. வெறும் டின்ன எப்படித் திருப்பித் தர்றது? ஸ்கூடாய் பாசார் கடையில நெல்லிக்காய் வாங்கிப் போட்டேன். அப்புறம் உங்க ஜாம் போத்தல் வந்துச்சு..."

கனகம்மாவின் கண் வைன் போத்தலில் விழுந்துவிட்டது.

பெருமூச்சு விட்டபடி கார் சாவியை எடுத்தார்.